கொற்றியைக் கேட்ட வாரம்

ஜூன் 8, ஞாயிறு

கொற்றி இன்று மறுபடி இறந்தாள். பாழடைந்த சுரங்கத்தில் ஒரு கல் உருண்டு மேலே விழுந்தது. அல்லி மந்திரம் சொன்னாள், கொற்றி எழுந்தாள், எல்லாரும் அடுத்த அறைக்குப் போனார்கள். மொத்தம் மூன்று நிமிடம். அதற்குள் குபேரன் மிக்சர் பாக்கெட்டைப் பிரித்துப் பாதி முடித்திருந்தான்.

பல வருடம் கழித்து நானே இதைப் படித்தால் புரியவேண்டும் என்பதற்காக எழுதிவைக்கிறேன். ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு எங்கள் பொன்மலை வீட்டின் முன்னறையில் நான்கு பேர் உட்கார்ந்து ஒரு விளையாட்டு ஆடுகிறோம். நான் கதைசொல்லி. மற்ற மூவரும் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள். நஸ்ரீன் கொற்றி என்ற வாள்வீராங்கனை. டெய்சி அல்லி என்ற மருத்துவச்சி, மந்திரமும் தெரிந்தவள். குபேரன் கோட்டான் என்ற திருடன். பாம்பு கடித்ததா, கதவு திறந்ததா என்பதையெல்லாம் இருபது முகப் பகடை முடிவுசெய்யும். அந்தப் பகடை அப்பா செய்தது. ரயில்வே பணிமனையில் முப்பத்தாறு வருடம் ஃபிட்டராக இருந்தவர், ஒரு பித்தளைத் துண்டை வீட்டில் வைத்து ஒரு மாதம் அரத்தால் ராவிச் செய்துகொடுத்தார். இருபது முகமும் ஒரே அளவு.

இறந்தவரை எழுப்ப அல்லிக்கு ஒரு வைரம் வேண்டும். வைரத்துக்குப் பதில் மேசையில் கல்கண்டு வைப்போம். எழுந்தவர் அதைத் தின்ன வேண்டும். முதல் தடவை அதற்காகக் கை தட்டினோம். இன்று நஸ்ரீன் அதை மாத்திரை விழுங்குவதுபோல வாயில் போட்டுக்கொண்டாள்.

"இறந்தாள்" என்று இங்கே எழுதிவிட்டேன். வீட்டில் சொல்ல முடியாது. மார்ச் மாதம் ஒருநாள் டெய்சி "செத்துட்டேன், செத்துட்டேன்" என்று கத்தியபோது அம்மா கரண்டியோடு வெளியே வந்தாள். "விளையாடுங்க, வேணாங்கல. அந்த வார்த்தை மட்டும் இந்த வீட்ல கேக்கக் கூடாது." அதிலிருந்து "ஊருக்குப் போயிட்டா" என்கிறோம். குபேரன் ஒவ்வொரு தடவையும் "பஸ்ஸு கெடச்சுதா?" என்று கேட்பான்.

அப்பா முன்பெல்லாம் நான்கு மணிக்கு டீத் தட்டோடு வந்து, "இன்னைக்கு யாரு காலி?" என்று கேட்பார். பிப்ரவரிக்குப் பிறகு அந்த நேரத்தில் உள்ளறையை விட்டு வருவதில்லை.

ஜூன் 10, செவ்வாய்

நூலகத்தில் இருப்பு சரிபார்ப்பு. வரலாற்று அலமாரியில் பதினேழு புத்தகங்களைக் காணோம். தூசியில் நாள் முழுக்கத் தும்மல்.

மாலை அப்பாவின் வார மாத்திரைகளை டப்பாவில் பிரித்துவைத்தேன். காலை நான்கு, இரவு மூன்று. அம்மா திருக்கடையூர் குருக்களோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். ஆவணியில் அப்பாவுக்கு அறுபது முடிகிறது. அங்கே மாலை மாற்றித் தாலி கட்டி அறுபதாம் கல்யாணம் செய்ய வேண்டும் என்று ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே வேண்டிக்கொண்டாளாம்.

"என்னங்க, இருவத்தேழாந்தேதி நல்ல நாளாம். அன்னைக்கே வச்சுக்கலாம்ல?"

அப்பா டிவியைப் பார்த்தபடி, "பாத்துக்கலாம்" என்றார். அம்மா போனில் "சரின்னுட்டாரு சாமி" என்றாள்.

ஜூன் 15, ஞாயிறு

இன்று ஒரு கேலிக்கூத்து நடந்தது. கோட்டைக் கோபுரத்திலிருந்து இறங்க வேண்டும். நானூறு படிகள், வழியில் காவலர்கள். குபேரன், "கோட்டான் குதிக்கிறான்" என்றான்.

"நூறு அடி உயரம்டா."

"தெரியும். கீழ விழுந்து ஊருக்குப் போயிடுவேன். அல்லி மெதுவா எறங்கி வந்து எழுப்பட்டும். படியில காவக்காரனோட சண்டை போடுறதவிட இது சுளுவு."

டெய்சி சிரித்துச் சிரித்துப் புரையேறி இருமினாள். விதியில் அதைத் தடுக்க ஒன்றுமில்லை. கோட்டான் குதித்தான். கல்கண்டு தின்றான்.

அதன் பின் அரண்மனைக் காட்சி. அரசரைக் கொன்றுவிட்டார்கள், நாடு அழுகிறது. இதற்காக இரண்டு வாரம் தயார் செய்திருந்தேன். அரசி அழும் இடத்தில் பேசுவதற்கு வரிகள்கூட எழுதியிருந்தேன். நஸ்ரீன் நாற்காலியில் சாய்ந்து, "ஏன் அழுறாங்க? அரமனையில ஒரு வைரம்கூடவா இல்ல?" என்று கேட்டாள்.

எழுதிவைத்த வரிகளை மடித்து நோட்டுக்குள் செருகினேன்.

நஸ்ரீன் நீதிமன்றத்தில் தட்டச்சர். யார் என்ன பேசினாலும் குறித்துக்கொள்ளும் பழக்கம் விளையாட்டிலும் தொடர்கிறது. எல்லாரும் கிளம்பிய பிறகு தன் நோட்டைத் திருப்பிக் காட்டினாள். தேதி போட்டு, வரிசையாக.

"ஆரம்பிச்சு மூணு வருஷத்துல ஒரே ஒரு தடவைதான் ஒருத்தரை எழுப்புனோம். ஞாபகமிருக்கா? அந்த வைரத்தைத் தேடி எட்டு வாரம் அலைஞ்சோம். டெய்சி அழுதா. இந்த பிப்ரவரிக்கப்புறம் எத்தனைன்னு பாரு. பதினோரு தடவை."

"கதை அப்படி அமையுது."

"கதை ஒண்ணும் அமையல. நீ டப்பா நெறைய கல்கண்டு வாங்கி வச்சிருக்க." நோட்டை மூடினாள். "நீ பூச்சாண்டி காட்டுற வல்லி, யாருக்கும் பயமே வரல. பயம் இல்லன்னா கொற்றிக்கு வீரம் எங்கேருந்து வரும்? இன்னும் மூணு ஞாயிறு வரேன். அதுக்கப்புறம் வீட்ல படுத்துத் தூங்குறேன்."

அவள் இல்லாமல் இந்த விளையாட்டு இல்லை. இந்த விளையாட்டு இல்லாமல் எனக்கு ஞாயிறு இல்லை. அவளிடம் "சரி யோசிக்கிறேன்" என்று மட்டும் சொன்னேன்.

ஜூன் 18, புதன்

மதிய இடைவேளையில் யோசித்தேன். சாவுக்குப் பின்னால் போய் ஒருவரை மீட்டு வரும் கதைகள் எல்லா நாட்டிலும் இருக்கின்றன. நூலகத்தில் ஒரு அலமாரி கொள்ளும் அளவுக்குப் படித்திருக்கிறேன். போனவர் எப்படிப் போனார், எப்படி வாதாடினார், எப்படிக் கூட்டிவந்தார் என்று பக்கம் பக்கமாக இருக்கும். மீண்டு வந்தவருக்கு மறுநாள் காலை எப்படி இருந்தது என்பதை நான் படித்த எவரும் எழுதவில்லை.

விளையாட்டின் விதிப் புத்தகம் ஆங்கிலத்தில் இருப்பது. ஆட ஆரம்பித்தபோது நானே ஒரு நீள நோட்டில் தமிழில் எழுதிக்கொண்டேன். எல்லாரும் அந்த நோட்டைத்தான் பார்க்கிறார்கள். இன்று மூலத்தை எடுத்து உயிர்ப்பிக்கும் மந்திரத்தின் பகுதியை மறுபடி வாசித்தேன். இறந்தவரின் உயிர் திரும்பிவரச் சம்மதித்தால்தான் மந்திரம் பலிக்கும் என்று ஒரு விதி இருக்கிறது. என் நோட்டில் அது இல்லை.

மறதியால் விடவில்லை. விட்டது நன்றாக நினைவிருக்கிறது. அன்று அது வெறும் அலங்காரமாகத் தோன்றியது. வா என்று கூப்பிட்டால் யார் வராமல் இருப்பார்கள்?

ஜூன் 22, ஞாயிறு

இன்று ஆடவில்லை. விதியைப் பற்றிப் பேசியே மாலை ஆகிவிட்டது.

குபேரன், எழுந்து வருபவர் ஒரு கையோ காலோ இழக்க வேண்டும் என்றான். "சும்மா வரக் கூடாது. ஏதாவது ஒண்ணு அங்க விட்டுட்டு வரணும்."

டெய்சி ஒத்துக்கொள்ளவே இல்லை. அவள் ஒன்றாம் வகுப்பு டீச்சர், எதையும் யாரும் இழக்கக் கூடாது அவளுக்கு. "பாவம்டா. திரும்பி வர்றதே பெரிய விஷயம். அப்புறம் எதுக்குக் கைய வெட்டிக்கிட்டு?"

"அப்ப கோட்டான் தெனமும் குதிப்பான்."

உள்ளறையில் டிவி சத்தம் குறைந்ததுபோல இருந்தது. எழுந்துபோய் இடைக்கதவைச் சாத்திவிட்டு வந்தேன். பிறகு, நோட்டில் விட்டுப்போன விதியைச் சொன்னேன். இனிமேல் மந்திரம் சொன்னதும் இறந்தவரை நான் ஒருமுறை கேட்பேன். வருகிறேன் என்றால் வரலாம்.

குபேரன் மேசையைத் தட்டிச் சிரித்தான். "இது ஒரு விதியா? ஆட்டோக்காரன் கேக்குற மாதிரி, 'வரீங்களா அக்கா'ன்னு?"

நஸ்ரீன் மட்டும் சிரிக்கவில்லை. "இவ்வளவு நாளா ஏன் கேக்கல?" என்றாள்.

"யாரும் வேணாம்னு சொல்லமாட்டாங்கன்னு நெனச்சேன்."

"ம்" என்று அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

ஜூன் 25, புதன்

காலையில் அப்பா கையிலிருந்து காபி டம்ளர் நழுவியது. அம்மா பார்க்காததுபோல இருந்தாள். நான் துடைத்தேன்.

ஜூன் 29, ஞாயிறு

கொற்றி இறந்தாள். இது வேறு.

ஆற்றுப் பாலம். பின்னால் ஊர் மக்கள், கிழவர்கள், கைக்குழந்தைகள். எதிரில் நாற்பது குதிரைவீரர்கள். பாலம் குறுகல், ஒருவர் நின்று தடுக்கலாம். நஸ்ரீன் என்னை நேராகப் பார்த்து, "கொற்றி நிக்கிறா" என்றாள்.

"மத்தவங்க கரையேறுற வரைக்கும் தாங்கணும். ஆறு தடவை உருட்டணும்."

"உருட்டு."

ஐந்து தடவை தாங்கினாள். மூவரும் எழுந்து நின்றுவிட்டார்கள். ஆறாவது முறை பித்தளைப் பகடை மேசை விளிம்புவரை ஓடி இரண்டில் நின்றது, கொற்றி விழுந்தாள். கடைசிக் குழந்தையும் அதற்குள் கரையேறியிருந்தது. யாரும் பஸ் பற்றிக் கேட்கவில்லை.

டெய்சி உடனே டப்பாவைத் திறந்து இருப்பதிலேயே பெரிய கல்கண்டை எடுத்து நஸ்ரீன் முன்னால் வைத்தாள். மந்திரத்தைச் சொன்னாள். இப்போது நான் கேட்க வேண்டும். என் குரல் ஒருமாதிரி இருந்தது என்று குபேரன் பிறகு சொன்னான்.

"கொற்றி. உன்னைக் கூப்பிடுறாங்க. வர்றியா?"

நஸ்ரீன் கல்கண்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏய், வரேன்னு சொல்லுடி" என்றாள் டெய்சி.

"ஒரு வாரம் டைம் குடு" என்றாள் நஸ்ரீன். கல்கண்டைத் தொடாமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

எல்லாரையும் அனுப்பிவிட்டு வந்து பார்த்தால் இடைக்கதவு கொஞ்சம் திறந்திருந்தது. நான் சாத்தியதாகத்தான் நினைவு.

ஜூலை 1, செவ்வாய்

அம்மா சின்னக்கடை வீதிக்குப் போய்ப் பட்டு வேட்டி வாங்கி வந்தாள். அப்பாவின் தோளில் போட்டுப் பார்த்தாள். அவர் அசையாமல் நின்றார், தையல்கடையில் அளவு கொடுப்பவர்போல. பக்கத்து வீட்டு அக்கா வந்து, "உங்களுக்கு மறுஜென்மம்ணே, ஜோரா செய்யுங்க" என்றார். அப்பா தலையாட்டினார்.

இதை எழுதாமல் மற்றதையெல்லாம் எழுதிக்கொண்டிருப்பது சரியில்லை.

பிப்ரவரி 9. காலை ஏழரை. அப்பா குளியலறை வாசலில் விழுந்தார். அம்மா தலைமாட்டில் உட்கார்ந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அதற்கு முன்னும் பின்னும் அவள் அவர் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. மூச்சு இல்லை. கல்லூரியில் முதலுதவிப் பயிற்சி கொடுத்திருந்தார்கள், ஒரு ரப்பர் பொம்மையை வைத்து. மார்பின் நடுவில் இரண்டு கையையும் வைத்து அழுத்தினேன். பொம்மையில் வராத ஒரு சத்தம் வந்தது. பச்சை முருங்கைக் கிளை முறிவதுபோல. நிறுத்தவில்லை. இன்னொரு தடவையும் வந்தது. ஆம்புலன்ஸ் வர ஒன்பது நிமிடம். அவர்கள் மின்னதிர்ச்சி கொடுத்து இதயத்தை எழுப்பினார்கள். விலா இரண்டு முறிந்திருப்பதாக டாக்டர் சொன்னார். அது நல்ல அறிகுறி, சரியாக அழுத்தியிருக்கிறார்கள் என்றார்.

அப்பா பதினாறு நாள் கழித்து வீடு திரும்பினார். வீட்டில் இருப்பவர் அப்பாதான். ஆனால் பேப்பரை ஒரே பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். அரப்பெட்டியைத் திறப்பதில்லை. நான் அறைக்குள் போனால் மாத்திரையைக் கொடுக்கிறேன், தண்ணீர் கொடுக்கிறேன், அடுத்த வேலைக்குப் போய்விடுகிறேன்.

ஜூலை 4, வெள்ளி

மதியம் நஸ்ரீன் நூலகத்துக்கு வந்தாள். கோர்ட் அரைநாளாம். குறிப்புதவிப் பிரிவில் யாரும் இல்லை.

"கொற்றி வந்துடுவால்ல?" என்று கேட்டேன். ஐந்து நாளாக அடக்கிவைத்த கேள்வி.

"நீ கொற்றியக் கேக்குறியா, என்னையக் கேக்குறியா?"

"ரெண்டு பேரையும்."

"நான் எங்கயும் போகல. அன்னைக்குக் கோவத்துல சொன்னேன். வேற ஆளாகூட வருவேன்." பழைய அகராதி ஒன்றின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். "ஆனா கொற்றியப் பத்தி வாரம் பூரா யோசிச்சேன். இந்த வருஷத்துல மட்டும் அவளை நாலு தடவை எழுப்பியிருக்கோம். ஒவ்வொரு தடவையும் கண்ணத் தொறந்ததும் எல்லாரும் சந்தோஷமா 'அப்பாடா'ன்னுட்டு அடுத்த ரூமுக்குப் போயிடுறீங்க. அங்க என்ன பாத்த, இப்ப எப்படி இருக்க, எங்க வலிக்குதுன்னு ஒருத்தரும் கேக்கல. நீகூடக் கேக்கல. கதை சொல்றவ நீ."

நான் புத்தகங்களை அடுக்க ஆரம்பித்தேன்.

"வல்லி. நான் கொற்றியப் பத்தித்தான் பேசுறேன்."

"தெரியும்" என்றேன்.

தப்பான வரிசையில் அடுக்கியிருந்தேன். அவள் போன பிறகு மறுபடி அடுக்கினேன்.

ஜூலை 6, ஞாயிறு

கல்கண்டு அதே இடத்தில் இருந்தது. எறும்பு வராமல் ஒரு வாரம் டம்ளர் கவிழ்த்து வைத்திருந்தேன். டம்ளரை எடுத்துவிட்டுக் கேட்டேன்.

"கொற்றி, வர்றியா?"

நஸ்ரீன் தன் குரலில் பேசவில்லை. கொற்றியின் குரல் கொஞ்சம் கனமானது. "வரல. பாலத்துல நின்னேன். எல்லாரும் கரையேறிட்டாங்க. இதுக்கு மேல எதுக்குக் கூப்பிட்டாலும் அதவிடச் சின்னதுக்காத்தான் இருக்கும். அல்லிகிட்ட சொல்லு, அவ மந்திரத்துல கொறையில்ல."

டெய்சி அழுதாள். குபேரன் மோட்டுவளையைப் பார்த்தான். பிறகு எனக்கே வியப்பாக ஒன்று நடந்தது. மூன்று வருடத்தில் முதல்முறையாக ஒரு பாத்திரத்தை அடக்கம் செய்ய வேண்டியிருந்தது. எங்கே? ஆற்றங்கரையிலா, அவள் ஊரிலா? வாளை யார் வைத்துக்கொள்வது? கோட்டான் அவளிடமிருந்து திருடிய மோதிரத்தை இவ்வளவு நாளும் திருப்பித் தரவில்லை என்று குபேரன் ஒத்துக்கொண்டான். அதை அவள் விரலில் போட்டுவிட வேண்டும் என்றான். சொல்லிவிட்டு உடனே மிக்சரைத் தேடினான். இரண்டு மணி நேரம் கொற்றியைப் பற்றியே பேசினார்கள். உயிரோடு இருந்தபோது அவளைப் பற்றி இவ்வளவு பேசியதில்லை.

அப்போதுதான் இடைக்கதவு திறந்தது. டீத் தட்டு இல்லை. அப்பா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இன்னைக்கு யாரு காலி?"

சமையலறை வாசலில் அம்மா வந்து நின்றதைப் பார்த்தேன். டெய்சி அவசரமாக, "கொற்றி ஊருக்குப் போயிட்டா அங்கிள்" என்றாள்.

நான் சொன்னேன். "செத்துட்டாப்பா."

அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

அப்பா வந்து காலி நாற்காலியில் உட்கார்ந்தார். கல்கண்டைப் பார்த்தார். "இதத் திங்கலியா?"

"வரமாட்டேன்னுட்டா."

"கேட்டீங்களா அவள?"

"கேட்டோம்ப்பா."

"ம். நல்லது." கல்கண்டை விரலால் தள்ளிவைத்து, "சக்கரை இருக்குன்னு என்னையத் திங்க விடமாட்டாங்க" என்று நஸ்ரீனைப் பார்த்துச் சொன்னார். அவள் சிரித்தாள்.

ஜூலை 7, திங்கள்

காலை ஆறு மணி நடைக்கு அம்மாதான் அப்பாவோடு போவாள். இன்று நான் போனேன். மைதானத்தை ஒரு சுற்று பேசாமல் சுற்றினோம். இரண்டாவது சுற்றில் பணிமனைச் சங்கு ஊதியது. அப்பா நின்று மூச்சு வாங்கினார். அப்போது கேட்டேன்.

"திரும்பி வந்தது எப்படிப்பா இருக்கு?"

என்னைத் திரும்பிப் பார்த்தார். அடுத்த வேலைக்குப் போக இங்கே எனக்கு வேலை எதுவும் இல்லை. நின்றேன்.

"இருமுனா இன்னும் வலிக்குது" என்று மார்பைத் தொட்டுக் காட்டினார்.

"அது நான்தான்பா."

"தெரியும். அம்மா சொன்னா. இந்தக் கையில இவ்வளவு பலமான்னு நெனச்சேன்." நடக்க ஆரம்பித்தார். "பாக்குறவன் எல்லாம் மறுஜென்மம்ங்கிறான். பழைய ஜென்மம் எங்கடா போச்சுன்னு எவனும் கேக்கல. கை நடுங்குது பாப்பா. அரம் புடிக்க முடியல. பேப்பர்ல நாலாவது வரி படிக்கும்போது மொத வரி மறந்துடுது. சொன்னா உங்கம்மா அழுவா. அதனால 'பாத்துக்கலாம்', 'பாத்துக்கலாம்'."

"நான் அப்ப கேட்டிருந்தா..."

அவருக்குப் புரிந்தது.

"வந்திருப்பேம்மா. என்ன, கெளம்புறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் எடுத்துக்கிட்டோமான்னு ஒரு தடவ பாத்துட்டு வந்திருப்பேன்." பிறகு, "நீ விட்டிருந்தா நான் எதை மறந்தேன்னுகூடத் தெரிஞ்சிருக்காது. போவட்டும்" என்றார்.

மூன்றாவது சுற்றில் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அவர் கை என் தோளில் நடுங்கிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டே வந்தோம்.

ஜூலை 9, புதன்

நேற்று அம்மாவிடம் சொன்னேன், நடையில் பேசியதை, கிட்டத்தட்ட முழுவதையும். கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டாள். அழுதாள்தான். ஆனால் அவர் பயந்த அளவுக்கு இல்லை.

இன்று இரவுச் சாப்பாட்டின்போது தோசைக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"என்னங்க. திருக்கடையூரு போலாமா? வேணாம்னா வேணாம். குருக்கள்ட்ட நான் சொல்லிக்கிறேன்."

அடுப்பில் தோசை கருகும் வாசனை வந்தது. யாரும் எழவில்லை.

"ஒரு வாரம் டைம் குடு" என்றார் அப்பா.

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை, என்னைப் பார்த்தாள். நான் தோசையைத் திருப்பப் போனேன்.

ஜூலை 13, ஞாயிறு

அம்மாவுக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. புதன்வரை நேரம் இருக்கிறது. இரண்டு முறை கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள். பட்டு வேட்டி மடிப்புக் கலையாமல் பீரோவில் இருக்கிறது. சாயங்காலம் அப்பா பீரோவைத் திறந்து அதன் கரையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு மூடியதை நான் பார்த்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. அது அவர் சொல்ல வேண்டியது.

என் நீள நோட்டில் விட்டுப்போன விதியை எழுதிச் சேர்த்துவிட்டேன். கூடவே என் பங்காக ஒரு வரி: திரும்பி வந்தவர் பேசி முடிக்கும்வரை கதை அடுத்த அறைக்குப் போகாது. டப்பாவில் மிச்சமிருந்த கல்கண்டு பாயசத்துக்குப் போனது. ஒன்றை மட்டும் எடுத்துவைத்திருக்கிறேன்.

நஸ்ரீன் புதிதாக ஒரு படகோட்டியோடு வந்தாள். பெயர் வஞ்சி. வாள் பிடிக்கத் தெரியாது, தண்ணீருக்குப் பயப்படுவாள். "படகோட்டிக்குத் தண்ணியில பயமா?" என்று குபேரன் கேட்டான். "அதனாலதான் இன்னும் தண்ணியில மூழ்காம இருக்கா" என்றாள் நஸ்ரீன்.

புதிய பாத்திரத்துக்கு எவ்வளவு உயிர் என்பதைப் பகடைதான் சொல்ல வேண்டும். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். பகடையை அவரிடம் நீட்டினேன். அம்மாவும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள்.

அவர் அதை உள்ளங்கையில் வைத்து முகம் முகமாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு உருட்டினார். கை நடுங்கியதால் நன்றாகவே உருண்டது.